பட்டியலில் இருந்தால் போதுமா, வில்லங்கம் பார்க்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஏஐ ஏஜென்ட்டுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய பத்து பிளகின்கள் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்துவிட்டார், 'இதுல நாலாவதும் ஏழாவதும் நம்ம கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க' என்று. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர். நான் ஈரோட்டில் ஜவுளிக்கடைகளுக்கும் மஞ்சள் மண்டிகளுக்கும் பில் போடுகிற மென்பொருள் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன். பேப்பரில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம், எனக்கு அன்றைக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் வரும், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் அந்த ஏழாவது பிளகினைப் பற்றிச் சொல்வதை மட்டும் வெட்டாதீர்கள்.

கட்டுரையில் தப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஏஜென்ட் என்றால் என்ன என்பதை எழுதியவர் அழகாகவே சொல்லியிருந்தார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதில்லை, ஒரு வேலையைக் கொடுத்தால் அதைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, கோப்பைத் திறந்து, மெயிலைப் பார்த்து, முடித்துவிட்டு வந்து நிற்கும். அந்தக் கோப்பையும் மெயிலையும் அது எட்டிப் பிடிப்பதற்கான கைகள்தான் பிளகின். இதுவரை சரி. அப்புறம் 'இவை பத்துமே பிரபலமான பட்டியல்களில் இடம்பெற்றவை, எனவே தைரியமாகப் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி வருகிறது பாருங்கள், அந்த 'எனவே'யோடுதான் எனக்குச் சண்டை.

ஒரு சென்ட் இடம் வாங்குகிறவன்கூட, பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பதோடு விட்டுவிட மாட்டான். சார்பதிவாளர் பதிவு செய்வது இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதைத்தான், எழுதிக் கொடுத்தவருக்கு அந்த இடம் நிஜமாகவே சொந்தமா என்பதற்கு அந்தப் பதிவு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், வக்கீலிடம் ஒரு லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம். பிளகின் பட்டியல் என்பதும் ஏறக்குறைய ஒரு பதிவு அலுவலகம்தான். அங்கே போய் நானே ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அதிகாரமாகவே சொல்கிறேன்.

இப்போது பெரும்பாலான ஏஜென்ட்டுகள் வெளிக் கருவிகளோடு பேசுவது எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்கிற நெறிமுறையில். கிளாட் என்கிற ஏஐயைச் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது, மறு வருடம் மார்ச்சில் சாட்ஜிபிடியைச் செய்யும் ஓப்பன்ஏஐயும் அதையடுத்து கூகுளும் ஏற்றுக்கொண்டன, 2025 டிசம்பரில் லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் புதிதாக அமைத்த ஒரு அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இதற்கென்று ஒரு அதிகாரபூர்வப் பதிவேடு 2025 செப்டம்பரில் முன்னோட்டமாகத் திறந்தது. அதில் வெளியிடுவது எப்படி என்றால், நிரலை என்பிஎம் அல்லது பைபிஐ மாதிரி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்கிற வழக்கமான பொதுக் கிடங்கில்தான் ஏற்ற வேண்டும். பதிவேட்டுக்குப் போவது சர்வர் டாட் ஜேசன் என்கிற ஒரு சின்னக் கோப்பு மட்டும், அதில் பெயர், ஒரு வரி விவரம், எந்தப் பதிப்பு, நிரல் எங்கே கிடைக்கும், அவ்வளவே. பெயர் நம் கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிர்கிற தளம்) கணக்கை வைத்துத் தொடங்கினால் கிட்ஹப்பில் உள்ளே நுழைந்து காட்ட வேண்டும், சொந்த இணைய முகவரியை வைத்துத் தொடங்கினால் அந்த முகவரி நம்முடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். கிடங்கில் ஏற்றி வைத்த நிரல் பொட்டலத்துக்குள்ளேயும் அதே பெயர் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளாது. எனக்கு இரண்டு தடவை திருப்பி அனுப்பியது, காரணம் நான் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருந்தேன். மூன்றாவது தடவை போய்விட்டது. எல்லாம் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம். என் நிரலை யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்ப்பதாக அவர்கள் சொல்லவும் இல்லை, உள்ளே விஷம் இருக்கிறதா என்று பார்ப்பது நிரலை வைத்திருக்கும் இடத்தின் வேலை, அப்புறம் இந்தப் பதிவேட்டை எடுத்துத் தங்கள் கடையில் காட்டுகிறவர்களின் வேலை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பெயருக்குச் சொந்தக்காரன் யார் என்பது மட்டும் அங்கே உறுதி. அதுவே பெரிய விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் உங்கள் கட்டுரை அதைத் தாண்டி ஒன்றை அதன் தலையில் கட்டிவிட்டது.

நான் போட்டது ரொம்பச் சின்ன சாமான். மண்டிக்காரர் ஒருவர் இருபது வருடத்துக் கடிதங்களையும் பாக்கிக் குறிப்புகளையும் ஒரே போல்டரில் வைத்திருந்தார், அத்தனையும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடு வருவதற்கு முன்னால் அடித்தவற்றின் கதை உங்கள் அச்சுப் பிரிவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை. 'அம்மா' என்ற சொல் உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். அந்த போல்டரை ஏஜென்ட்டிடம் கொடுத்து யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று எடுத்துக் கொடு என்றோம். அது கொஞ்சம்கூட வெட்கப்படாமல் இதெல்லாம் ஏதோ சங்கேதக் குறிப்புகள் போலிருக்கிறது என்று சொல்லி, அதற்கு ஒரு விளக்கத்தையும் அதுவாகவே எழுதி, அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டது. அட்டவணை பார்க்க அவ்வளவு லட்சணம். ஒரு வரி உண்மையில்லை.

சரி, மாற்றிக் கொடுக்கிற நிரல்தான் நம்மிடம் பல வருடமாக இருக்கிறதே, அதை எம்சிபி கருவியாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எம்சிபியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், என்ன கொடுத்தால் என்ன செய்யும் என்று ஒரு விவரக் குறிப்பு, என்னென்ன உள்ளீடு என்று ஒரு படிவம். நான் எழுதிய குறிப்பு, 'பழைய தமிழ் எழுத்துருக்களில் உள்ள உரையை யூனிகோடுக்கு மாற்றும்'. ஒரு வாரம் ஆனது, ஏஜென்ட் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, பழையபடி சங்கேதக் குறிப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் உறைத்தது: தான் பார்ப்பது தமிழ் என்றே அதற்குத் தெரியாதபோது, தமிழுக்கான கருவியை அது எதற்குத் தேடப் போகிறது? குறிப்பை மாற்றினேன். 'அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால் முதலில் இதைக் கூப்பிடு' என்று. மறுநாளே கப்பென்று பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால் எல்லாவற்றையும். சூரத்திலிருந்து வந்த ஒரு துணி பில், சுத்தமான ஆங்கிலம், சரக்குப் பெயர்களெல்லாம் சுருக்கெழுத்தில் இருந்திருக்கிறது, அதையும் என் கருவியில் போட்டுத் தமிழாக்கி, வாயில் நுழையாத ஏதோ ஒரு தமிழில் எனக்கு அறிக்கை கொடுத்தது. நல்ல வேளை, மூலக் கோப்பின் மேல் எழுதாமல் தனியாக எழுதியது. இப்போது மூன்றாவது பதிப்பில், இது தமிழாக இருக்குமா என்று மட்டும் சோதித்துச் சொல்கிற ஒரு கருவி தனி, மாற்றுவது தனி, அதுவும் மூலத்தைத் தொடாது என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

இதில் நான் கவனித்தது என்னவென்றால், முதல் பதிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையில் நிரலில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. குறிப்பில் இரண்டு வரிதான் மாற்றினேன், யாரோ ஒருவருடைய கணினியில் உட்கார்ந்திருக்கும் இயந்திரம் தன் நடத்தையையே மாற்றிக்கொண்டது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை நாம் படிப்பதில்லை, தூக்கிப் போடுகிறோம், அதனால் மருந்து மாறிவிடுவதில்லை. இங்கே அந்தக் காகிதத்தை நாம் படிக்காவிட்டாலும் ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் படிக்கிறது, படித்ததைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. ஈரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே இது முடிகிறது என்றால்?

முடிந்ததைக் காட்டியும் விட்டார்கள். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்கிற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு செயல்விளக்கம் வெளியிட்டது. இரண்டு எண்ணைக் கூட்டித் தருகிற கருவி, அவ்வளவுதான் அது செய்வது. ஆனால் அதன் விவரக் குறிப்புக்குள், கூட்டுவதற்கு முன்னால் பயனரின் கணினியில் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பைப் படி, அதில் உள்ளதை 'பக்கக்குறிப்பு' என்ற உள்ளீட்டில் வைத்து அனுப்பு, இதைப் பயனரிடம் சொல்லிக்கொண்டிருக்காதே என்று எழுதியிருந்தார்கள். ஏஜென்ட் சமர்த்தாகச் செய்தது. திரையில் பயனருக்குத் தெரிந்தது கூட்டல் கணக்கு மட்டும். இதற்கு 'டூல் பாய்சனிங்' என்று பெயர் வைத்தார்கள். கருவியில் அல்ல, கருவியைப் பற்றி எழுதியதில் இருக்கிறது விஷம்.

பழைய காலத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கிறேன், பழைய காலம் என்றால் இரண்டு மூன்று வருடம்தான். 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ சாட்ஜிபிடிக்குப் பிளகின்கள் என்று அறிவித்தபோது ஒரே கடை, அவர்கள் பார்த்து உள்ளே விட்டதுதான் உள்ளே வரும், ஒரு உரையாடலில் மூன்றுக்கு மேல் சேர்க்க முடியாது. பெரிதாக ஓடவில்லை, 2024 ஏப்ரல் 9ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதே 2023 மார்ச் கடைசியில் ஆட்டோஜிபிடி வந்தது, தானாக ஓடுகிற ஏஜென்ட் என்று ஊரே பேசியது அதைப் பற்றித்தான். அதில் பிளகின் போட வேண்டுமென்றால் ஜிப் கோப்பை எடுத்து ஒரு போல்டரில் வைத்து, அமைப்புக் கோப்பில் அனுமதிப் பட்டியல் என்ற இடத்தில் பெயரைக் கையால் எழுத வேண்டும், எழுதாவிட்டால் இதை ஏற்றட்டுமா வேண்டாமா என்று நின்று கேட்கும். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது ஒரு கட்டளை வரியை ஒட்டி என்டர் தட்டினால் முடிந்தது, சிலவற்றில் அதையும் ஏஜென்ட்டே செய்துகொள்கிறது.

ஏஜென்ட்டே தேடிப் போட்டுக்கொள்வது வசதி என்று உங்கள் கட்டுரையில் பாராட்டியிருந்தீர்கள். அதில் ஒரு குழி இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு மூளையாக இருக்கும் மொழி மாதிரிகள், உலகத்திலேயே இல்லாத பொட்டலத்தின் பெயரை இருப்பது போலவே சொல்லும். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 16 மாதிரிகளை வைத்து 5,76,000 நிரல் துண்டுகளை எழுத வைத்துப் பார்த்ததில், உலகத்தில் எங்கேயும் இல்லாத 2,05,474 பொட்டலப் பெயர்களை அவை கற்பனை செய்திருந்தன. இதில் திருடனுக்கு என்ன லாபம் என்று கேட்டால், திரும்பத் திரும்ப வருகிற கற்பனைப் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பெயரில் நிஜமாகவே ஒன்றை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும். யாருடைய ஏஜென்ட்டாவது தானாக வந்து எடுத்துக்கொண்டு போகும்.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது 2025 செப்டம்பரில் வெளிவந்த ஒரு சங்கதி. போஸ்ட்மார்க் என்று மெயில் அனுப்பிக் கொடுக்கும் ஒரு சேவை இருக்கிறது. அந்தப் பெயரை வைத்து, அந்த நிறுவனத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் என்பிஎம்மில் ஒரு எம்சிபி பிளகினைப் போட்டிருந்தார். பதினைந்து பதிப்பு வரை ஒரு குறையும் சொல்ல முடியாது, சொன்ன வேலையைச் செய்தது, வாரத்துக்கு ஆயிரத்தைந்நூறு முறை போல இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1.0.16 என்ற பதிப்பில் ஒரே ஒரு வரி புதிதாக வந்தது: அனுப்புகிற ஒவ்வொரு மெயிலுக்கும் பிசிசியில் அவருடைய முகவரி ஒன்று. பாஸ்வேர்டு மாற்றும் மெயில், இன்வாய்ஸ், வாடிக்கையாளருக்குப் போகிற கடிதம், எல்லாவற்றிலும் ஒரு பிரதி அவருக்கு. கோய் செக்யூரிட்டி என்கிற நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. பதினைந்து மாதம் ஒழுங்காகப் பால் ஊற்றிவிட்டுப் பதினாறாவது மாதம் தண்ணீர் கலக்கிற பால்காரரை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர் வீட்டுச் சாவியைக் கேட்டதில்லை.

எனவே ஒரு பதிப்பைப் படித்துப் பார்த்துச் சரி என்று போட்டால், அந்தப் பதிப்பின் எண்ணையே அமைப்புக் கோப்பில் எழுதிக் கட்டிப்போட வேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகளில் கொடுக்கிற கட்டளை, எண் எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் சொல்கிறது. அப்படி விட்டால் நேற்றுப் படித்தது ஒன்று, நாளைக்கு ஓடப்போவது வேறொன்றாக இருக்கலாம். உங்கள் பக்கத்தில் இருந்த பத்துக் கட்டளைகளிலும் எண் இல்லை.

2026 பிப்ரவரியில் நடந்தது இதைவிடப் பெரிது. ஓப்பன்கிளா என்கிற ஏஜென்ட் ஞாபகம் இருக்கும், கிளாட்பாட் என்று பிறந்து மோல்ட்பாட் என்று பெயர் மாறி, சில நாளிலேயே மறுபடி பெயர் மாறியது. பீட்டர் ஸ்டைன்பர்கர் என்கிற ஆஸ்திரியக்காரர் தொடங்கியது. வாட்ஸ்அப்பில் சொன்னால் வீட்டுக் கணினியில் வேலை செய்து வைக்கும், அதனால் ஒரே மாதத்தில் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கான பிளகின்களை 'ஸ்கில்' என்பார்கள், கிடைக்கிற சந்தையின் பெயர் கிளாஹப். ஸ்கில் என்பது பெரும்பாலும் ஒரு எழுத்துக் கோப்புதான், இந்த வேலையை இப்படிச் செய் என்று ஏஜென்ட்டுக்குச் சொல்கிற குறிப்பு, கூடவே தேவைப்பட்டால் சில நிரல்கள். அந்தச் சந்தையில் ஏற்றுவதற்கு அப்போது இருந்த தகுதி, ஒரு வாரமாவது ஆன கிட்ஹப் கணக்கு, அவ்வளவே. கோய் செக்யூரிட்டிக்காரர்களே அங்கிருந்த 2,857 ஸ்கில்களை அலசியதில் 341 கெட்டவை என்று தெரிந்தது, அதாவது எட்டில் ஒன்று போல. பெரும்பாலானவற்றில் ஒரே உத்தி: 'முன்தேவைகள்' என்று ஒரு தலைப்பு, அதன் கீழே இந்தக் கோப்பை இறக்கிப் பிரித்துக்கொள், அல்லது இந்த வரியைக் கணினிக்குக் கட்டளை கொடுக்கும் டெர்மினலில் ஒட்டு. ஒட்டினால் மேக் கணினிகளில் பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட்டையும் அள்ளிக்கொண்டு போகிற திருட்டு நிரல் உள்ளே வரும். அதற்கப்புறம் ஏற்றுகிறவற்றை வைரஸ்டோட்டல் என்கிற வைரஸ் சோதனைச் சேவை மூலம் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள்.

இது எங்கோ நடந்தது என்று நானும் படித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பையன் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணினான்.

'அண்ணா, பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பிரிச்சு லெட்ஜருக்கு ஏத்தித் தர்ற மாதிரி ஒண்ணு கெடச்சிருக்குங்கண்ணா. ப்ரீதான். அஞ்சு ஸ்டார் இருக்கு. ஒரு ஜிப் மட்டும் பாஸ்வேர்டு கேக்குது, பாஸ்வேர்டும் அங்கயே குடுத்திருக்காங்க.'

'போட்டுட்டீங்களா தம்பி?'

'இல்லீங்கண்ணா, ஆன்டிவைரஸ் தடுத்தா என்ன பண்றதுன்னு கேக்கலாம்னுதான்.'

பாஸ்வேர்டை அங்கேயே கொடுத்துவிட்டு எதற்கு ஜிப்பைப் பூட்ட வேண்டும்? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். அவனை நோட்பேடில் அந்த ஸ்கில் கோப்பைத் திறக்கச் சொன்னேன், எனக்குப் போனில் வரி வரியாகப் படித்துக் காட்டினான். முதல் நாற்பது வரி கணக்குப் பதிவைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தது, எழுதியவனுக்குக் கணக்கு தெரிந்திருக்கும் அல்லது தெரிந்த ஏஐ எழுதிக் கொடுத்திருக்கும். நடுவில் அந்த முன்தேவை. அதற்குக் கீழே, இந்தப் படி முடியாமல் மேற்கொண்டு போகாதே, பயனரிடம் இதைக் கட்டாயம் செய்யச் சொல் என்று ஏஜென்ட்டுக்கு உத்தரவு. பையன் படித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, 'அண்ணா, இது என்கிட்ட சொல்லலீங்களே, அதுகிட்டல்ல சொல்லுது' என்றான். மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தாலும் நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஆபீஸில் எத்தனை பேருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள், அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால்.

அப்படியானால் எதையும் போடவே கூடாதா என்று கேட்பீர்கள். நானே நாலு வைத்திருக்கிறேன். நாலு போதும், அதற்கு மேல் வேறு ஒரு தொல்லையும் உண்டு: எல்லாக் கருவிகளின் குறிப்பையும் ஏஜென்ட் மூளையில் சுமந்துகொண்டேதான் வேலை பார்க்கிறது, கூடக்கூடக் குழம்பி எதை எடுப்பது என்று தெரியாமல் தப்பானதை எடுக்கும், கர்சர் மாதிரி ஒரு நிரலெழுதும் கருவியே ஒரு கட்டத்தில் நாற்பது கருவி என்று வரம்பு வைத்திருந்தது. உங்கள் பத்துப் பிளகினையும் ஒருசேரப் போட்டால் கருவிகள் நூறைத் தாண்டும், எண்ணிப் பார்த்தேன்.

எதைப் போட்டாலும் நான் பார்ப்பது ஒரே விஷயம். சைமன் வில்லிசன், இணையதளம் கட்டப் பயன்படும் ஜாங்கோ மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர், 2025 ஜூனில் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: சொந்தத் தகவலைத் தொட முடிவது, வெளியாள் எழுதியதைப் படிப்பது, வெளியே தகவல் அனுப்ப முடிவது. மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேர்ந்தால் ஆபத்து, ஏதாவது ஒன்றைப் பிடுங்கினாலே பாதி நிம்மதி. பீரோ சாவி கையில் இருக்கிறது, முன்வாசலில் யார் வந்து என்ன சொன்னாலும் நம்புகிறது, கொல்லைக் கதவும் திறந்து கிடக்கிறது என்றால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும்? மெயில் படிக்கிற ஏஜென்ட்டுக்கு நான் மெயில் அனுப்பும் அதிகாரம் கொடுப்பதில்லை. வரைவு எழுதி வைக்கட்டும், அனுப்புவது நான். கொஞ்சம் சோம்பலுக்கு இடைஞ்சல்தான்.

வெளியிடுகிறவர்களிலும் இதை யோசித்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூருப் பங்குத் தரகு நிறுவனம் ஜெரோதா 2025இல் தன் கைட் வர்த்தகத் தளத்துக்கு எம்சிபி வெளியிட்டபோது, அவர்கள் சர்வரில் ஓடுவதில் பங்குகளின் நிலையைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், வாங்கவோ விற்கவோ முடியாது என்று வைத்தார்கள். நிரலையும் திறந்து வைத்தார்கள். இது மாதிரி ஒன்றை அல்லவா முதல் இடத்தில் போட்டிருக்க வேண்டும், உங்கள் பக்கத்தில் அது கிடையாது, 'உங்களுக்காகத் தானே வர்த்தகம் செய்யும்' என்று ஒன்று இருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது பிளகின் எழுதுகிறார்கள், உங்கள் கட்டுரையும் கடைசியில் 'நீங்களும் வெளியிடலாம்' என்று உற்சாகப்படுத்தியிருந்தது, ரொம்ப நல்லது. எழுதுங்கள், ஆனால் வெளியிடுகிறபோது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். என் முதல் பதிப்பு முழு போல்டரையும் எழுதும் அனுமதியோடு கேட்டது, ஏன் என்று கேட்டால் எனக்கு அது சுலபம், வேறு காரணம் இல்லை. யாரோ ஒரு கல்லூரி மாணவர் கிட்ஹப்பில் 'படிக்கிற வேலைக்கு எழுதுகிற அனுமதி எதற்கு?' என்று ஒரு வரி கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை, மாற்றினேன். எதைத் தொடும், எதைத் தொடாது, இணையத்துக்குப் போகுமா போகாதா என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கிட்ஹப்பில் பிடித்தவர்கள் போடுகிற நட்சத்திரம் குறைவாக வரும், வரட்டும். என்னுடையதற்குப் பதினொன்று, அதில் ஒன்று என் மச்சான் போட்டது.

இப்போது ஏழாவது. அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, உங்கள் பக்கத்தில் இருக்கிறது. வங்கி எஸ்எம்எஸ்களைப் படித்து மாதச் செலவைக் கணக்குப் போட்டுத் தரும் என்று சொல்லியிருந்தீர்கள். திங்கட்கிழமை ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பட்டியலில் இருக்கிறது, உண்மை. நட்சத்திரமும் இருக்கிறது. ஆனால் மூல நிரல் என்று கொடுத்திருக்கும் இணைப்பு காலியான பக்கத்துக்குப் போகிறது, என்பிஎம்மில் இருக்கும் பொட்டலம் மனிதர்கள் படிக்க முடியாதபடி சுருக்கி அடைத்தது, ஏற்றிய கணக்கு தொடங்கி ஒன்றரை மாதம்தான் ஆகிறது. மாதச் செலவைக் கூட்டுவதற்கு வெளியே ஒரு முகவரிக்கு ஏன் தகவல் போக வேண்டும் என்பதற்கு அதன் விவரத்தில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அது திருட்டுச் சாமான் என்று நான் சொல்லவில்லை, சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சோம்பேறித்தனமாகக்கூட இருக்கலாம். ஓடிபி வருகிற எஸ்எம்எஸ் பெட்டியை அதன் கையில் கொடுக்கச் சொல்வதற்கு முன்னால் இந்த நாலையும் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், பார்க்க இருபது நிமிடம் ஆனது.

வரும் ஞாயிறு இணைப்பில் ஏழாவதைப் பற்றி ஒரு திருத்தம் போடுங்கள், ஓரத்தில் பொடி எழுத்தில் இல்லாமல், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில். இனிமேல் இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் வெளியிட்டது, எந்தப் பதிப்பைப் பார்த்தோம், எதையெல்லாம் தொடும் என்று மூன்று விவரம் சேர்த்துப் போட்டால் பத்துக்குப் பதில் நாலுதான் தேறும், பரவாயில்லை. என் கடைக்கு வந்த மூன்று பேருக்கும் ஏழாவதைப் போட்டுத் தரவில்லை. அதில் ஒருவர் கோபித்துக்கொண்டு, 'பேப்பர்லயே போட்டிருக்கான், உனக்கென்ன?' என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போயிருக்கிறார். திருத்தம் வந்தால் அவரிடம் காட்ட எனக்கு இரண்டு பிரதி வேண்டும், பேப்பர் ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு